கியர் விழும் வரை

அறுபதுகளின் நடுவில் ஓர் ஆடி மாதம். எனக்குக் கல்யாணமான பிறகு வந்த முதல் ஆடி. திருவண்ணாமலையில் பிறந்து வளர்ந்த என்னை, செஞ்சியில் பஸ் டிரைவராக இருந்தவருக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். கடைத்தெருவுக்குப் பின்னால் வீடு. வாசலில் நின்றால் ராஜகிரி மலை தெரியும். அந்தக் கோட்டையைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து போவார்கள். எனக்கோ அதைப் பார்த்தாலே எரிச்சலாக வரும். என் வீட்டுக்காரரும் அந்தப் பாறை மாதிரி வாயைத் திறக்காமல் இருந்ததுதான் காரணம்.

என் பிறந்த வீடு அப்படி இல்லை. அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். ஊரில் ஒரு டாக்டரின் பெட்ரோல் காரை ஓட்டிக்கொண்டிருந்தார். எல்லாம் வெட்டு ஒன்று துண்டு இரண்டுதான் அவருக்கு. எங்கள் வீட்டில் ஒருவர் கேள்வியை முடிப்பதற்குள் இன்னொருவர் பதில் சொல்லிவிடுவார், மற்றவர்கள் அதை மறுத்துச் சண்டைக்கே வந்துவிடுவார்கள். அந்தச் சத்தத்தில் வளர்ந்தவள் நான்.

இங்கே வந்து, "கொழம்புல உப்பு சரியா இருக்குதா?" என்று கேட்டால், அவர் மென்றுகொண்டே சுவரைப் பார்ப்பார். நான் அடுக்களைக்குப் போய் ரசத்தை எடுத்துக்கொண்டு வந்த பிறகுதான், "சரியா இருக்குது" என்று வரும். "எனக்கு இந்தப் புடவை நல்லா இருக்குதா?" என்று கேட்டால், அதே கதைதான். புதுப்பெண்ணுக்கு அந்தக் கேள்விக்குப் பதில் உடனே வேண்டாமா? ஒருநாள் பொறுக்க முடியாமல், "வாய்ல இன்னா கொழுக்கட்டையா வெச்சிருக்கீங்க?" என்று பொரிந்துவிட்டேன். அதற்கும் சுவரைத்தான் பார்த்தார். சரியான கல்லுளிமங்கனிடம் மாட்டிக்கொண்டோம், நம்மைப் பிடிக்காமல்தான் கட்டிக்கொண்டிருக்கிறார் என்று தீர்மானமே செய்துவிட்டேன். தலையணையில் முகத்தைப் புதைத்து எத்தனையோ நாள் அழுதிருக்கிறேன்.

ஆடி பிறந்தால் புதுப்பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்துப் போவது வழக்கம். ஆவணி பிறந்ததும் மாப்பிள்ளை வீட்டிலிருந்து யாராவது வந்து கூட்டிப் போவார்கள். எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் மாமியாரோ நாத்தனாரோதான் வருவார்கள். மாப்பிள்ளையே வந்து நின்றால், "பொண்டாட்டிய விட்டு இருக்க முடியல போல" என்று தெருவே கேலி பேசும். நைனா சீர்த்தட்டோடு வந்து இறங்கிய அன்று, நான் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். ஆடிக்குப் போவது, ஆவணியில் திரும்பி வருவதில்லை. ஒரு மாதத்துக்கு எத்தனை புடவை தேவை? நான் கட்டாத பட்டுப்புடவை முதல் கிழிந்த ரவிக்கை வரை எல்லாவற்றையும் இரும்புப் பெட்டியில் அடுக்கினேன். என் அம்மா கொடுத்த பித்தளைக் குத்துவிளக்கையும் துணிக்கு நடுவில் சுருட்டி வைத்தேன்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. மறுநாள் காலையில் அவர் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தபோது கடைசியாக ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன். "ஆடி முடிஞ்சா என்னக் கூட்டிக்கினு வர யாரு வருவீங்க?"

அவர் பொத்தானைப் போட்டுக்கொண்டே நின்றார். என் முகத்தைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். அப்புறம் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ஸ்டாண்டுக்கு நடந்துவிட்டார். அவ்வளவுதான், எனக்குள் ஏதோ அறுந்துபோனது.

நாங்கள் போக வேண்டியிருந்தது அவர் ஓட்டும் பஸ்ஸிலேயே. ஸ்டாண்டில் அவர் இன்னொரு டிரைவரோடு தனியாக நின்று பேசிக்கொண்டிருந்தார். கையை ஆட்டி ஆட்டி, சிரித்துக்கூடப் பேசினார். ஊராரிடம் எல்லாம் பேச வாய் இருக்கிறது, கட்டினவளிடம் பேசத்தான் இல்லை என்று எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது.

அன்று ஆடி வெள்ளிக்கிழமை. பஸ்ஸில் எள் விழ இடமில்லை. கூரையில் மல்லாட்டைக் கடலை மூட்டைகள், கூடைகள், என் பெட்டி. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் பெண்கள் உட்காரும் இடத்தில் நான் இடுங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். நைனா முன்னால், மாப்பிள்ளைக்குப் பக்கத்தில். அவருக்கு டீசல் வண்டி என்றாலே இளக்காரம். அவர் ஓட்டிய பெட்ரோல் கார் காலை வைத்த உடனே பாயும். இந்த வண்டியோ, கியர் மாற்றும்போதெல்லாம் இன்ஜின் சத்தம் தணிந்து, ஒரு இடைவெளி விட்டு, பிறகுதான் வேகம் எடுக்கும்.

"இன்னா மாப்ளே, வண்டி நடுவுல நடுவுல தூங்குது? தட்டி எழுப்புங்க!" என்றார் நைனா. பஸ்ஸே சிரித்தது. என் வீட்டுக்காரர் மட்டும் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மனசுக்குள், வண்டியும் ஓட்டுகிறவரும் நல்ல ஜோடி என்று நினைத்துக்கொண்டேன்.

கோட்டையைத் தாண்டியதும் மலைகளுக்கு நடுவே ரோடு மேடேறும். அந்தக் காலத்தில் அந்த மேடு இப்போது இருப்பதைவிடச் செங்குத்து. அதற்கு முந்தின வருஷம்தான் ஒரு லாரி அங்கே கியர் விழாமல் பின்னால் உருண்டு, ஒரு மாட்டு வண்டியை நசுக்கியிருந்தது. அதனால் கூட்டமான நாட்களில் மேட்டுக்குக் கீழேயே பஸ்ஸை நிறுத்தி ஆண்களை இறக்கிவிடுவார்கள். அவர்கள் பின்னாலேயே நடந்து, மேட்டின் உச்சியில் ஏறிக்கொள்ள வேண்டும்.

"ஆம்பளைங்கல்லாம் எறங்கி நடங்கப்பா!" என்று கண்டக்டர் கத்தினார். நைனாவும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குதித்தார். இறங்கியவர்கள் சும்மா நடக்கவில்லை. இவர்கள் தள்ளித்தான் பஸ் ஏறப்போகிறது என்பது போல, வண்டியின் முதுகில் கை வைத்துக்கொண்டு வந்தார்கள். நைனா நட்டநடுவில். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினால் அவருடைய தலைப்பாகை தெரிந்தது.

பஸ் முக்கால் மேடு ஏறியிருக்கும். முன்னால் போன ஒரு மாட்டு வண்டி திடீரென்று குறுக்கே திரும்பி நின்றது. என் வீட்டுக்காரர் வேகத்தைக் குறைத்து ஒதுக்கினார். மாட்டு வண்டி விலகிக்கொண்டது, ஆனால் பஸ்ஸுக்கு இருந்த வேகம் போய்விட்டது. இரண்டாவது கியரில் இன்ஜின் இருமி இருமி நடுங்கியது. முதல் கியருக்கு இறக்கியே ஆக வேண்டும்.

அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது, பிறகு அவர் சொல்லித்தான் தெரியும். அந்த வண்டிகளில் கியர் நினைத்தபடி விழாது. கிளச்சை மிதித்து, கியரை நடுவில் எடுத்து வைத்து, கிளச்சை விட்டு, ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதிக்க வேண்டும். டீசல் இன்ஜின் மிதித்த உடனே கேட்காது, மெதுவாகத்தான் சுற்று ஏறும். அது ஏறி வரும்வரை காத்திருந்து, மறுபடி கிளச்சை மிதித்துத்தான் கீழ் கியரைப் போடலாம். அவசரப்பட்டுத் திணித்தால் பல்லோடு பல் மோதி 'கர்ர்' என்று கத்துமே தவிர, கியர் விழாது. வண்டி எதிலும் பிடிப்பில்லாமல் நிற்கும் அந்த நேரத்தில் ஒரு கால் கிளச்சில், ஒரு கால் ஆக்சிலேட்டரில். பிரேக்குக்கு மூன்றாவது கால் கிடையாது. அத்தனை பாரத்துக்குக் கை பிரேக்கும் நிற்காது.

எனக்குக் கேட்டதெல்லாம் இன்ஜின் சத்தம் செத்துப்போனதுதான். பஸ் ஊர்ந்தது, நின்றுவிடும் போல இருந்தது. மூலையில் ஒரு அம்மா "அங்காளம்மா!" என்று அலறினாள். கூரையில் மூட்டைகள் நகரும் சத்தம் கேட்டது. பின்னால் என் நைனா. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து என் வீட்டுக்காரர் முதுகுக்குப் பின்னால் நின்று கத்தினேன். "போடுங்க! நைனா பின்னாடி இருக்காரு! கியரப் போடுங்க!"

அவர் திரும்பவில்லை. பிடரியில் வியர்வை இறங்கிக்கொண்டிருந்தது. கை கியர்க் கம்பியின் மேல் இருந்தது, ஆனால் அழுத்தவில்லை. குழந்தையின் தலையில் வைத்திருப்பது போல வைத்திருந்தார். எனக்கு அவரை உலுக்க வேண்டும் போல இருந்தது. அப்போதுதான் அடியில் எங்கோ இன்ஜின் முனகத் தொடங்கியது. முனகல் ஏறி ஏறி ஒரு இடத்துக்கு வந்தது. அவர் கை நகர்ந்தது. ஒரு சத்தம் இல்லை. பாத்திரத்துக்கு மூடி பொருந்துவது மாதிரி கியர் விழுந்தது. பஸ் ஒரு குலுக்குக் குலுங்கி மேலே ஏறியது. நான் அப்படியே தொப்பென்று உட்கார்ந்துவிட்டேன்.

உச்சியில் நிறுத்திய பிறகு, நடந்து வந்தவர்கள் ஏறும்வரை அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி இருந்தார். பிறகு பாதி திரும்பி, என்னிடம் சொன்னார். "மாமா பின்னாடி இருக்காருன்னுதான் நிதானமாப் போட்டேன். திணிச்சிருந்தா விழுந்திருக்காது."

நான் கத்தியதற்கு அது பதில். வழக்கம் போல நேரம் கழித்து வந்தது. அந்த இடைவெளியில் அவர் மனசில் இருந்தது என் நைனாதான்.

நைனா ஏறி வந்து பழைய இடத்தில் உட்கார்ந்தார். முகம் வெளுத்திருந்தது. அவரும் டிரைவர் அல்லவா, சத்தம் தணிந்தபோதே அவருக்குப் புரிந்திருக்கிறது. "முதுகுல கை வெச்சிக்கினு நின்னேன் மாப்ளே. நானா இருந்தா பதறிப்போயித் திணிச்சிருப்பேன்," என்றார். அதன் பிறகு திருவண்ணாமலை வரை அவர் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்நாளில் அவர் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை.

திருவண்ணாமலை ஸ்டாண்டில் பெட்டியை இறக்கிக் கொடுத்தது என் வீட்டுக்காரர்தான். நைனா வீட்டுக்குப் போகக் குதிரை வண்டி பேசப் போனார். நாங்கள் இருவரும் பெட்டிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்றோம். மற்ற நாளாக இருந்தால் நான் வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருப்பேன். அன்று கால் நகரவில்லை. கூட்டம் எங்களை இடித்துக்கொண்டு போனது. நான் ஒன்றும் கேட்காமல் நின்றேன்.

"பொட்டி கனமா இருக்குது," என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தலையைக் குனிந்துகொண்டேன்.

பெட்டியின் கொக்கியை ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். அப்புறம், "ஆவணி பொறந்ததும் நானே வர்றேன். காலைல கேட்டியே. டூட்டி மாத்திக்க ஆளு வேணுமில்ல. அவன் ஒத்துக்கிறானான்னு கேட்டுட்டு சொல்லலாம்னு இருந்தேன். கெளம்பறப்பதான் ஒத்துக்கினான்," என்றார்.

அப்படியென்றால் ஸ்டாண்டில் கையை ஆட்டி ஆட்டிப் பேசியது இதற்காகத்தான். தெரு முழுக்கக் கேலி செய்யும் என்று தெரிந்தும் தானே வருவதற்காக. அவர் போய் பஸ்ஸில் ஏறினார். என் கண்ணீரில் அந்த பஸ் கலங்கலாகத்தான் தெரிந்தது.

வீட்டில் அம்மா பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "ஒரு மாசத்துக்கு எதுக்குடி குத்துவெளக்கு?" என்று கேட்டாள். "அங்க புளி சரியில்ல, இங்க தேச்சா நல்லா வெளுக்கும்," என்று ஏதோ உளறினேன். ஆவணி பிறந்த அன்று சொன்னபடி அவரே வந்து நின்றார். தெரு கேலி செய்தது. அவருக்குப் பதிலாக நானே எல்லோருக்கும் வட்டியும் முதலுமாகக் கொடுத்தேன்.

அதன் பிறகு எத்தனையோ வருஷம் வாழ்ந்தோம். நான் கேட்பேன், கேட்டுவிட்டுக் காத்திருப்பேன். சில கேள்விகளுக்கு மறுநாள் பதில் வரும். வராமல் போனது ஒன்றுகூட இல்லை. அந்தப் புடவைக் கேள்விக்குக்கூட, எங்கள் மூத்தவன் பிறந்த பிறகு ஒருநாள் அதே புடவையைக் கட்டியிருந்தபோது, "அன்னிக்கிக் கேட்டியே, நல்லாத்தான் இருந்துச்சி," என்று சொன்னார்.

போன மாதம் மகன் புதிதாக வாங்கிய டீசல் காரில் அந்த மேட்டின் வழியாகப் போனோம். கிளச்சே இல்லாத வண்டி, கியரை அதுவே மாற்றிக்கொள்கிறது. மேடேறும்போது ஒரு நொடி தயங்கிவிட்டுத்தான் இழுத்தது. "மிதிச்சா ஒடனே போவ மாட்டேங்குதும்மா, யோசிக்குது," என்று மகன் சலித்துக்கொண்டான். "யோசிக்கட்டும்டா, வரும்," என்றேன். எதற்காக நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன் என்று அவனுக்குப் புரியவில்லை. அவர் போய்ச் சில வருஷங்களாகின்றன. அவர் பேசாமல் இருந்த அந்த நாட்களில் எனக்கான பதில் எங்கோ அடியில் ஏறி வந்துகொண்டே இருந்தது. இன்றைக்கும் பழக்கத்தில் எதையாவது வாய்விட்டுக் கேட்டுவிட்டு, அது வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருக்கிறேன்.