மடியை உதறுங்க, மொதலாளி

கடலூர் முதுநகரைத் தாண்டி, சிப்காட் கம்பெனிகளையும் தாண்டி, சிதம்பரம் ரோட்டில் போனால் இடது கைப்பக்கம் தகரத்தாலேயே சுற்றி வளைத்த ஒரு பெரிய இடம் வரும். லாரி டிரைவர்கள் அதை சவரி யார்டு என்பார்கள். ஊரில் காயலான்கடை வைத்திருப்பவர்கள் எத்தனையோ பேர் உண்டு. ஆனால் ஐம்பது அறுபது வருஷத்துக்கு முந்தைய காருக்கு ஒரு கதவுக் கைப்பிடி வேண்டும், ஒரு ஹெட்லைட் வளையம் வேண்டும் என்றால் பாண்டிச்சேரிக்காரனும் இங்கேதான் வரவேண்டும், பெங்களூர்க்காரனும் இங்கேதான் வரவேண்டும். வந்து சவரிராயன் முகம் பார்த்து நிற்கவேண்டும்.

சவரிராயன் அஞ்சாம் வகுப்பு. அதிலும் பாதிதான். தேவனாம்பட்டினத்தில் துருப்பிடித்துக் கிடந்த விசைப்படகு இன்ஜின்களைத் தோளில் சுமந்து வந்து பிரித்து விற்றவர். சுனாமிக்குப் பிறகு, தானே புயலுக்குப் பிறகு, வெள்ளத்துக்குப் பிறகு என்று ஒவ்வொரு தடவையும் மற்றவர்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்தபோது லாரியை எடுத்துக்கொண்டு கிளம்பியவர். அப்படி வளர்ந்ததுதான் இந்த யார்டு. யாரும் கைதூக்கி விடவில்லை. அதை அவரே ஒரு நாளைக்கு நாலு தடவை சொல்லுவார். உண்மை என்பதால் யாரும் மறுத்துப் பேசியதில்லை.

யார்டில் இரண்டு சட்டங்கள். சாமான் வேண்டியவன் தானே கழற்றிக்கொள்ள வேண்டும். வெளியே போகும்போது கேட்டில் நின்று மடியை உதறிக் காட்ட வேண்டும்.

கேட்டில் இளவரசி உட்கார்ந்திருப்பாள். நாற்பத்தைந்து வயது, ஊரையே விலைபேசும் வாய். அவள் காலடியில் ஒரு இரும்புத் தகடு போட்டிருக்கும். வேட்டி, கைலி கட்டியவன் இடுப்பு மடிப்பை அவிழ்த்து அதன்மேல் உதறவேண்டும். பேண்ட் போட்டவன் பாக்கெட்டை வெளியே இழுத்துவிட வேண்டும். ஏதாவது விழுந்தால் தகடு காட்டிக்கொடுத்துவிடும். ஒரு இன்ஸ்பெக்டர் உதறியிருக்கிறார். பங்குச் சாமியார் தன் வேனுக்குக் கண்ணாடி வாங்க வந்தபோது அங்கிப் பையைக் கவிழ்த்துக் காட்டியிருக்கிறார். “சாமி, கோவில்ல நீங்க சொல்றத நாங்க கேக்கறோம்ல, இங்க நாங்க சொல்றத நீங்க கேளுங்க,” என்றாள் இளவரசி. சாமியார் சிரித்துக்கொண்டே உதறினார்.

இந்தச் சட்டம் சவரிராயன் கண்டுபிடித்ததல்ல. ஒரு காலத்தில் அவர் மடியை உதற வைத்த இன்னொருவர் சட்டம். அதைத்தான் எடுத்துக்கொண்டு வந்து தன் கேட்டில் போட்டார்.

இளவட்டமாக இருந்தபோது சிதம்பரத்தில் தட்சிணாமூர்த்தி பட்டறையில் வேலை. பழைய வண்டிகளுக்குப் பேர்போன பட்டறை. தட்சிணாமூர்த்தியும் ஃபிட்டராக இருந்து முதலாளியானவர்தான். மதியச் சாப்பாட்டுக்குப் போகும்போதும் சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போதும் வேலையாட்கள் வாசலில் கைலியை உதறவேண்டும். ஒரு நாள் சவரிராயன் உதறினார். மடியிலிருந்து விழுந்தது ஒரு ஜெட். கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடுகிற, சுண்டுவிரல் நகம் அளவுள்ள பித்தளைத் திருகு.

கார் வேலை செய்கிற எவனைக் கேட்டாலும் சொல்லுவான். கழற்றுகிற சின்னச் சாமானைத் தரையில் வைத்தால் மண்ணோடு போய்விடும். வாயில் வைத்தால் விழுங்கினாலும் விழுங்கிவிடுவான். மடியில்தான் செருகுவான். செருகியதை மறந்தும் போவான். சவரிராயனும் அப்படித்தான் மறந்தார். கத்திக் கத்திச் சொன்னார். தட்சிணாமூர்த்தி காதில் வாங்கவில்லை. ஒரு லாரி டயரை எடுத்து அவர் கழுத்தில் மாட்டி, ஜனம் பஸ்ஸுக்கு நிற்கிற இடத்துக்கு எதிரில் பட்டறை மூடும்வரை நிற்க வைத்தார். அன்றிலிருந்து அவர் பெயர் ‘ஜெட்டு சவரி’. சிதம்பரத்தில் எந்தப் பட்டறையும் வேலை தரவில்லை. கடலூருக்கு வந்தார், பெயரும் பின்னாலேயே வந்தது. யார்டு போட்டு, மாடிவீடு கட்டி, மகள் கல்யாணத்தில் ஊரையே கூட்டிச் சாப்பாடு போட்ட அன்றும், பந்தியில் யாரோ ஒரு பழைய மெக்கானிக் பக்கத்து இலைக்காரனிடம், “ஜெட்டு சவரி வூட்டுக் கல்யாணம், சும்மாவா?” என்றது அவர் காதில் விழுந்தது. கையில் இருந்த சாம்பார் வாளியை வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்க் கொஞ்சநேரம் நின்றார்.

அந்தப் பெயரைக் கழற்றி எறியவேண்டும். அதற்கு அவர் பிடித்த வழியை வேறு எவனும் பிடித்திருக்க மாட்டான்.

தட்சிணாமூர்த்தியிடம் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் இருந்தது. நாலு கதவு, சந்தன நிறம். பெற்ற பிள்ளையைவிட அதைத்தான் அதிகம் துடைப்பார். சவரிராயன் என்ன செய்தார் தெரியுமா? விழுப்புரத்திலிருந்து மாயவரம் வரைக்கும் எங்கே ஹெரால்டு இருந்தாலும் வாங்கினார். ஓடுகிறதோ, மாட்டுக் கொட்டகையில் கோழி அடைகிறதோ, வாங்கினார். யார்டின் பின்பக்கம் வரிசையாக நிறுத்தினார். அதில் ஒரு ஸ்க்ரூகூட விற்கவில்லை. அவர் மனைவி சவரிமேரி கேட்டதற்கு, “என்னைக்காவது ஒரு நாள் அந்த வண்டி மூச்சு வுடாது மேரி. அன்னைக்கு அவரு என் கேட்டுக்கு வந்தே ஆவணும்,” என்றார்.

அந்த நாள் போன தைக்குப் பிறகு வந்தது. தட்சிணாமூர்த்தி மகன் ராஜவேல் வந்து நின்றான். கண்ணாடி போட்ட, பதவிசான ஆள்.

“ஹெரால்டுக்கு ஒரு கார்புரேட்டர் வேணும் சார். அப்பாவுக்கு எண்பதாம் கல்யாணம். அம்மாவ உக்கார வச்சி அந்த வண்டியிலதான் நாலு வீதியும் சுத்துவேன்னு ஒத்தக் கால்ல நிக்கறாரு. பழைய கார்புரேட்டர் வெடிச்சிருக்கு. உள்ள இருந்த ஜெட்டும் கழட்டறப்பவே முறிஞ்சி போச்சி. மெட்ராஸ்ல புதுப்பேட்டை பூரா அலைஞ்சிட்டேன்.”

“எங்கிட்ட இருக்குது. உங்கப்பாவ வந்து கழட்டிக்கச் சொல்லுங்க.”

“அவருக்கு எண்பது வயசு சார்.”

“கை இருக்குதுல்ல?”

மறுநாள் காலையிலேயே தட்சிணாமூர்த்தி வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி. காரை விட்டு இறங்கியதும் சவரிராயனை மேலும் கீழும் பார்த்தார்.

“டேய், நீ சவரி இல்ல?”

“நெனப்பு இருக்குதா மொதலாளி?”

“பெரிய ஆளா ஆயிட்ட. கேள்விப்பட்டேன்.”

“நீங்க கேள்விப்பட்டது கம்மி.”

ஹெரால்டுகளின் வரிசையைக் கண்டதும் கிழவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஒரு வண்டியின் பானெட்டைத் தூக்கினார். குனிந்த பிறகு எண்பது வயது எங்கே போயிற்றோ தெரியவில்லை. ரெண்டு நட்டு, ரெண்டு கேபிள். கார்புரேட்டர் கையோடு வந்துவிட்டது. மேல் மூடியைத் திறந்தார். உள்ளே திருப்புளியை விட்டு ஜெட்டைக் கழற்றி, வெயிலுக்கு நேராகத் தூக்கி, ஓட்டை அடைப்பில்லாமல் இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். ஊதினார். இன்னொரு கை கார்புரேட்டரைத் தாங்கிக்கொண்டிருந்தது.

ஜெட்டை மடியில் செருகினார்.

சவரிராயன் பார்த்துக்கொண்டே நின்றார். ‘மொதலாளி, ஜெட்டு மடியில இருக்குது’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லுவாரா? வாயை இறுக மூடிக்கொண்டார். கிழவர் மூடியைத் திருப்பி மாட்டினார், கையைத் துடைத்தார், “நல்ல சாமான்டா, பத்திரமா வச்சிருக்க,” என்று பாராட்டினார். பாராட்டிக்கொண்டே கேட்டுக்கு நடந்தார்.

“மடிய உதறுங்க பெரியவரே,” என்றாள் இளவரசி, வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு.

ராஜவேலுக்கு முகம் சிவந்துவிட்டது. “யார்கிட்ட பேசறோம்னு தெரிஞ்சி பேசும்மா!”

“இன்ஸ்பெக்டரே உதறிட்டுப் போனாரு. உங்கப்பா என்னா, கவர்னரா?”

“வுடுடா,” என்றார் தட்சிணாமூர்த்தி. மடியை அவிழ்த்து ஏளனமாக ஒரு உதறு உதறினார்.

தகட்டில் ‘டிங்’ என்றது.

ஜெட் உருண்டு போய் இளவரசியின் செருப்பில் முட்டி நின்றது. சாமான் வாங்க வந்திருந்த ஏழெட்டுப் பேரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். சவரிராயன் நிதானமாகக் குனிந்து அதை எடுத்தார்.

“மொதலாளி, இன்னா இது?”

“கழட்டறப்ப செருகுனேன்டா. மறந்துட்டேன். தொழில்காரன் எவனும் செய்யறதுதான்!”

“அதத்தான் அன்னைக்கு நான் சொன்னேன். கழுத்துல டயர மாட்டுனீங்க.”

இளவரசி ஓரத்தில் கிடந்த டயர் குவியலைத் திரும்பிப் பார்த்து, “மாமா, சைஸ் எடுக்கட்டா?” என்றாள். சவரிராயன் கை காட்டி அடக்கினார்.

“கார்புரேட்டர எடுத்துட்டுப் போங்க மொதலாளி. கல்யாணச் சீரு, என் செலவு. ஆனா ஜெட்டு திருட்டுச் சாமான். அது எங்கிட்ட இருக்கட்டும். கல்யாணத்தன்னைக்கு வரேன். மேல வீதியில, உங்க ஜனம் அத்தன பேரு முன்னாலயும், சவரி திருடலன்னு வாயத் தொறந்து சொல்லுங்க. அப்புறம் பாக்கலாம்.”

“நடக்காதுடா.”

“அப்ப வண்டியும் நடக்காது.”

கல்யாணத்தன்று காலையில் சவரிமேரி சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே சொன்னாள். “வயசான மனுஷன். போனாப் போவுதுன்னு குடுத்துட்டு வாங்களேன். மன்னிக்கச் சொல்லித்தானே ஜெபிக்கறோம்?”

“பாவத்த மொதல்ல அறிக்கை பண்ணணும். அப்புறந்தான் மன்னிப்பு. சாமியாரே அப்புடித்தானே செய்யறாரு?”

“நீங்க சாமியாரா?”

“அவரு கேட்ட பாவத்தவிட நான் கேட்ட ஏச்சு அதிகம்,” என்றார். ஜெட்டை மடியில் செருகினார். சட்டைப் பாக்கெட்டில் ஒரு சின்னத் திருப்புளியும் போட்டுக்கொண்டார். கிழவர் சொல்லி முடித்ததும் தானே பானெட்டைத் தூக்கி, தன் கையால் ஜெட்டை மாட்டி, தன் கையால் வண்டியைக் கிளப்பவேண்டும், சிதம்பரமே பார்க்கவேண்டும். எத்தனையோ வருஷமாக அவர் கண்ணை மூடினால் தெரிகிற படம் அதுதான்.

மேல வீதியில் ஒரு டீக்கடை ஓரமாக நின்றார். மேளம் முன்னால் வந்தது. பின்னால் சந்தன நிற ஹெரால்டு, பூமாலை தொங்க. ராஜவேல் ஓட்டினான். பின் சீட்டில் மாலையும் கழுத்துமாக தட்சிணாமூர்த்தியும் அவர் மனைவி ஞானாம்பாளும். லேத்துப் பட்டறையில் புது ஜெட் கடைந்து போட்டிருக்கிறார்கள் என்பது சத்தத்திலேயே தெரிந்தது. ஓட்டை மயிரிழை பெரிசு. வண்டி இருமியது, கரும்புகை கக்கியது, டீக்கடைக்கு இருபதடி தூரத்தில் உயிரை விட்டது. ராஜவேல் சாவியைத் திருகித் திருகிப் பார்த்தான். சொந்தக்காரர்கள் தள்ளினார்கள். பட்டுப்புடவைகள் வியர்வையில் நனைந்தன.

கிழவர் ஜன்னல் வழியாக சவரிராயனைப் பார்த்துவிட்டார். வெகுநேரம் பார்த்தார். பிறகு கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். மேளத்தை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார்.

“எல்லாரும் கேளுங்க. இவன் சவரி. என் பட்டறையில வேல செஞ்சான். ஜெட்டு திருடுனான்னு இதே ஊர்ல டயர மாட்டி நிக்க வச்சேன். இவன் திருடல.”

சவரிராயனின் கை பாக்கெட்டில் திருப்புளியைத் தொட்டது. அத்தோடு கிழவர் நிறுத்தியிருந்தால் வண்டி ஓடியிருக்கும். ஆனால் சொல்ல ஆரம்பித்த மனுஷன், நிறுத்தத் தெரியாமல் மேலே போனார்.

“அன்னைக்கே எனக்குத் தெரியும்டா சவரி. என் மடியிலயும் அன்னைக்கு ரெண்டு நட்டு இருந்திச்சி. நீ தனியா பட்டறை போடப் போறேன்னு காதுக்கு வந்திச்சி. உன் கை மாதிரி கை எனக்கு எதுக்க ஒரு கடைய போட்டா, அப்புறம் எவன் என்னாண்ட வருவான்? அதான்...”

சவரிராயனின் கை பாக்கெட்டிலிருந்து வெறுமையாக வெளியே வந்தது.

தெரியாமல் செய்தார் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தார். கோபக்காரன், அவசரக்காரன், தப்பாகப் புரிந்துகொண்டான் என்று. தெரிந்தே செய்திருக்கிறார். டயரின் கனம் கழுத்தில் புதிதாக ஏறியது.

“நெசமாவா?” என்றது காருக்குள்ளிருந்து ஒரு குரல். ஞானாம்பாள். புருஷன் குனிந்து தன் மாலையைச் சரிசெய்தார். அந்த அம்மாள் மாலையோடு இறங்கினாள். யார் முகத்தையும் பார்க்காமல் மண்டபத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். நாயனக்காரர் அந்த அம்மாள் பின்னால் போவதா, காரோடு நிற்பதா என்று தெரியாமல் முழித்தார். பிறகு அந்த அம்மாள் பின்னாலேயே போனார்.

“சார், ஜெட்டு...” என்றான் ராஜவேல். குரல் கெஞ்சியது.

சவரிராயன் நடுவீதிக்கு வந்தார். வேட்டி மடியை அவிழ்த்தார். எல்லாருக்கும் தெரியும்படி, ஒரு தடவை இந்தப் பக்கம், ஒரு தடவை அந்தப் பக்கம், நன்றாக உதறினார். ஜெட் மட்டும் தார் ரோட்டில் விழுந்து சத்தம் போட்டது. குனிந்து எடுத்தார்.

“நல்லாப் பாத்துக்குங்க மொதலாளி. இது என் யார்டு சாமான். உங்க சாமான் எதுவும் எங்கிட்ட இல்ல. அன்னைக்கும் இல்ல.”

“சொல்லிட்டேனேடா! எல்லாத்தயும் சொல்லிட்டேனே!”

“சொன்னீங்க. அப்புறம் பாக்கலாம்னுதான் நான் சொன்னேன். பாத்துட்டேன்.”

ஜெட்டை மடியில் செருகிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் திரும்பினார். பின்னால் ஹெரால்டின் ஸ்டார்ட்டர் திரும்பத் திரும்ப முனகியது. பேட்டரி இறங்க இறங்க அந்த முனகல் மெலிந்தது. வீதி முனையில் ஒரு கடை நிழலில் நின்று, அது முழுசாக ஓய்கிறவரைக்கும் காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் சவரிராயன் கடலூர் பஸ் ஏறினார்.