றேடியோவின் பின்மூடியைக் கழற்றியவன்

வால்வு றேடியோ திருத்துகிறவனுக்கு முதல் வேலை, தான் கள்ளன் இல்லை என்று நிரூபிப்பது; பழுது பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். உங்களில் யாராவது கைக்கடிகாரமோ தையல் மிசினோ திருத்துகிறவர்கள் என்றால், என் பாடு உங்களுக்கு விளங்கும். நல்லூரில் நான் கடை வைத்திருந்த காலத்துச் சங்கதிகள் சில.

பொட்டு

இணுவில் வாத்தியார் ஒருவர் இரைச்சல் போடுகிற றேடியோவைக் கொண்டுவந்தார். கண்டென்சர் ஒன்று பழுது, மாற்றினேன். திருப்பி எடுக்க வந்தவர் பின்மூடியைத் திறக்கச் சொல்லி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். உள்ளே சின்ன பல்புகள் போல நிற்கிற ஐந்து வால்விலும் அடையாளத்துக்குச் சந்தனப் பொட்டு வைத்துத்தான் கொண்டுவந்திருக்கிறார். நாலில் பொட்டு இருந்தது. ஒன்றில் இல்லை.

நான் ஒன்றையும் மாற்றவில்லை. அந்த வால்வு மற்றவற்றைவிடக் கூடச் சுடும், சந்தனம் காய்ந்து உதிர்ந்திருக்கும் என்றேன். போட்டும் காட்டினேன், தொட்டுப் பார்த்து விரலை உதறினார். ஆனாலும் முகம் தெளியவில்லை.

“சுடுகுதுதான், இல்லையெண்டேல்லை. ஆனா அதெப்பிடித் தம்பி, உள்ளதுக்குள்ளை நல்ல வால்வாப் பாத்துப் பொட்டு உதிருது?”

மறுமொழி

குருநகர்ச் சூசை கடலுக்குப் போகிறவர். காற்று மழைச் செய்தி தெளிவாகக் கேட்க, வீட்டுக்கும் தென்னைக்கும் இடையில் நீளமாக வயர் கட்டியிருந்தார். அது ஊர் அதிகாரியான விதானையாரின் கண்ணில் பட்டுவிட்டது. றேடியோவைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு என் கடைக்கு வந்தார். பின்னாலே சூசை, வெளிறிப்போன முகத்தோடு.

“தம்பி, உது இந்தியாவோடை கதைக்கிற மிசின். நீர் பாத்துச் சொல்லும். நான் பொலிசுக்கு அறிவிக்கவேணும்.”

இது கேட்கத்தான் உதவும், கதைக்க உதவாது என்று சொல்லி, போட்டுக் காட்டினேன். வால்வு சூடாகும்வரை பெட்டியில் சத்தமில்லை. சூசை சிலுவை போட்டுக்கொண்டார். திடீரென்று இந்திய நிலையம் ஒன்று உரத்த குரலில் வணக்கம் சொன்னது. விதானையார் என் பக்கம் திரும்பினார்.

“கேட்டீரே? அங்கையிருந்து வணக்கம் சொல்லுகினம். உவன் மறுமொழி சொல்லாமலே இருந்திருப்பான்?”

பொலிசுக்குப் போகாமல் அவரைத் திருப்பி அனுப்ப எனக்கு அரை நாள் பிடித்தது.

சூடு

உரும்பிராயில் தோட்டம் செய்கிற கமக்காரர் ஒருவரின் றேடியோ திருத்தி முடிந்து கடையில் இருந்தது. அந்தக் கிழமைதான் கொழும்பில் தமிழருக்கு எதிரான கலவரம். அவருடைய ஒரே மகனுக்கு அங்கேதான் வேலை. மனுசன் ஓடிவந்து, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, இது சரிவந்திட்டுதெண்டு சொல்லிப்போடாதையும். மனுசி செய்தி கேட்டாவெண்டால் தாங்கமாட்டா.”

அடுத்த நாள் மனுசி தனியாக பஸ்ஸில் வந்து இறங்கினார். வால்வு இன்னும் கிடைக்கவில்லை அம்மா என்றேன். அவர் என்னைப் பார்த்தபடியே றேடியோவின் மேல் கையை வைத்தார். சற்று முன்னர்தான் நான் அதில் செய்தி கேட்டு நிறுத்தியிருந்தேன், பெட்டி சுட்டது. கையை எடுத்தார். விறுவிறென்று வெளியே போய்விட்டார். எனக்குத் தலை நிமிர முடியவில்லை.

மகன் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து சேர்ந்தான், கையில் ஒரு காயக்கட்டோடு, உயிரோடு. இரண்டு நாள் கழித்துத் தாயும் மகனுமாக றேடியோவை எடுக்க வந்தார்கள். பொய் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். தாய் விடவில்லை.

“நீர் பொய் சொல்லுறீர் எண்டு தெரியும் தம்பி. இன்னும் கொஞ்சம் நிண்டால் உண்மையைச் சொல்லிப்போடுவீரோ எண்ட பயத்திலைதான் ஓடினனான்.”

இத்தனை வருசத்தில் கரண்ட் என்னை எத்தனையோ தரம் அடித்திருக்கிறது, ஆனால் ஒருநாளும் சந்தேகப்பட்டு அடித்ததில்லை.