ஐம்பத்தொன்பது காசோலைகளும் ஒரு கையெழுத்தும்

காலைச் சவாரி முடிந்ததும் பள்ளிப் பேருந்தை நிறுத்திவிட்டு, சீருடையோடு நேரே டூடெக் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டுகிறாள் வெர்லீன் ஸ்டோக்ஸ். ஒன்றாம் தேதி. கையில் காசோலை.

"ரொக்கமாக் குடேன், இருபது டாலர் குறைச்சுக்கறேன்" என்கிறார் கிழவர், மாதாமாதம் சொல்வதுபோல.

"அந்த இருபது உங்ககிட்டயே இருக்கட்டும்."

காசோலையின் மூலையில் 'வீட்டுக்காக' என்று பெரிய எழுத்தில் எழுதுவாள். 'வாடகை' என்று எழுதமாட்டாள். "ஒரு தடவ அப்படி எழுதிட்டா, கடைசிவரைக்கும் குடித்தனக்காரிதான்."

டெட்ராய்ட்டின் கிழக்குக்கோடியில் அந்தச் செங்கல் வீட்டை அவளுக்கு விற்றவரும் டூடெக்தான், விலையைக் கடனாக விட்டவரும் அவர்தான். ஐம்பத்துநாலு வயதுவரை யாரிடமும் கைநீட்டாதவள். கடனே வாங்காத அந்தக் காரணத்தாலேயே எந்த வங்கியும் அவளை ஏறிட்டுப் பார்க்கவில்லை. ஐந்து வருடம் தவணை. முடிவில் மிச்சத்தை மொத்தமாகக் கட்டவேண்டும். முடியாவிட்டால் வீடும் போச்சு, கட்டியதும் போச்சு. அவளுக்கு முன்னால் மூன்று குடும்பங்கள் அப்படித்தான் மூட்டை கட்டின.

கெடு நெருங்கியபோது கூட்டுறவுக் கடன் சங்கத்துக்குப் போனாள். அங்கே வேலை பார்க்கும் லட்ரீஸ் திரையைத் திருப்பிக் காட்டினாள். "உங்க பேரப் போட்டா வெறுமையா இருக்கு, மிஸ் வெர்லீன். தனி ஆளுக்குக் கட்டினது கடன் பதிவுல ஏறாது."

ஐம்பத்தெட்டு காசோலைகளின் நகலை மேசைமேல் வைத்தாள் வெர்லீன். லட்ரீஸ் ஒவ்வொன்றாகப் புரட்டினாள். "நாள் தப்பாம வந்துதுன்னு வித்தவர் இந்தப் படிவத்துல கையெழுத்துப் போடட்டும். அதையே உங்க வரலாறா எடுத்துக்கறோம். கடன் நிச்சயம்."

படிவம் டூடெக்கிடம் போய் மூன்று வாரம் ஆகிறது. ஒருநாள் கண்ணாடியைக் காணோம். இன்னொருநாள் அவர் மகள் வந்து பார்க்கவேண்டும் என்றார். இன்னும் ஒரே மாதம். ஐம்பத்தொன்பதாவது காசோலையோடு வந்தவள், இந்த முறை உள்ளே போய் உட்கார்ந்துவிட்டாள்.

"உனக்கெதுக்கு இந்த வம்பு? நானே இன்னும் ரெண்டு வருஷம் எழுதித் தரேன். வட்டி மட்டும் கொஞ்சம் கூட."

வெர்லீன் குரலை உயர்த்தவில்லை. "ஒரு மாசமாவது நான் பிந்தி வந்திருக்கேனா?"

"இல்ல."

"அத எழுதிக் குடுங்க. வேற எதுவும் கேக்கல."

"முடியாதுன்னா?"

"ரெண்டு மணிவரைக்கும் எனக்கு வண்டி இல்ல. இங்கயே இருப்பேன். நாளைக்கும் வருவேன்."

டூடெக் தொலைக்காட்சியைப் போட்டார். பேஸ்பால் ஓடியது. அவள் மேல்கோட்டைக் கழற்றவில்லை, தண்ணீர் கேட்கவில்லை, திரையையும் பார்க்கவில்லை; அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றே முக்காலுக்கு அவர் சத்தத்தைக் குறைத்தார். சட்டைப் பையிலேயே இருந்தது கண்ணாடி.

"கடைசிவரைக்கும் வந்தது நீ ஒருத்திதான்" என்று முணுமுணுத்தபடி கையெழுத்துப் போட்டு, தாளை நீட்டினார். வாழ்த்துச் சொல்லப்போகிறவர்போல வலது கையையும் நீட்டினார்.

அந்தக் கை காத்திருந்தது. வெர்லீன் தேதியைப் படித்தாள். பெயரை எழுத்தெழுத்தாகப் பார்த்தாள். மை காய ஊதினாள். மடித்துக் கோட்டின் உள்பையில் வைத்து, கழுத்துவரை ஜிப்பை இழுத்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் கையைக் கொடுத்தாள்.