நான் ஜெயித்த ஆறு விநாடி

"உங்களைவிடச் சாதாரணமான ஆள் எனக்குக் கிடைக்கவே இல்ல சித்தப்பா" என்றாள் என் மனைவியின் அக்கா மகள். ஞாயிற்றுக்கிழமை மதியம், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், என் தட்டிலிருந்த சீலா மீன் துண்டைத் தன் தட்டுக்கு மாற்றிக்கொண்டே சொன்னாள்.

ஐம்பத்திரண்டு வயதுக்குள் என்னைப் பற்றி ஊரில் பலரும் பலவிதமாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் சாதாரணம் என்பதை அறிவியல் வந்து உறுதிப்படுத்தியது அன்றைக்குத்தான்.

அவள் மீன்வளக் கல்லூரியில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். முகம் தண்ணீருக்குள் போனதும் சங்கு குளிப்பவர்களின் இதயம் என்ன செய்கிறது, மூச்சு எவ்வளவு நேரம் நிற்கிறது என்று அளக்கிற வேலை. அளந்தால் மட்டும் போதாதாம். ஒவ்வொரு சங்கு குளிப்பவருக்கும் அதே வயது, அதே உயரம், அதே எடையில், கடல் பக்கமே போகாத ஒருவரைப் பிடித்து அவரையும் அளக்க வேண்டும். இருவருக்கும் உள்ள வித்தியாசம்தான் ஆராய்ச்சி. ஒருவருக்கு மட்டும் ஜோடி கிடைக்காமல் இருந்ததாம்.

"ஊர்ல இத்தனை பேர் இருக்காங்களே?"

"எல்லாரும் ஏதாவது பண்றாங்க சித்தப்பா. வாக்கிங் போறாங்க, ஷட்டில் ஆடுறாங்க. நீங்கதான் ஒண்ணுமே பண்ணாம இருக்கீங்க."

"ஏளா, அந்த விஷயத்துல அவர மிஞ்ச ஆளே கெடையாது" என்று அடுப்படியிலிருந்து என் மனைவி சாட்சி சொன்னாள்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் எனக்கு வேலை. இருபத்தெட்டு வருஷமாகக் கடலோடு உறவு உண்டு. எல்லாம் மூன்று பிரதிகளில், முத்திரையோடு. காலை நனைத்ததில்லை. இந்தத் தகுதி போதும் என்று என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்.

என் ஜோடியை அடுத்த வாரம் ஆய்வுக்கூடத்தில் சந்தித்தேன். காற்றுக்குழாய் மாட்டிக்கொண்டு இறங்குகிறவர்கள் மத்தியில் இன்னும் வெறும் மூச்சை நம்பி இறங்குகிற ஒருவர். வயது, உயரம், எடை மூன்றும் எனக்கு அச்சாகப் பொருந்தின. அதே எடையை அவர் தோளில் வைத்திருந்தார், நான் இடுப்பில் வைத்திருந்தேன், அவ்வளவுதான். அவர் என்னை அண்ணாச்சி என்றார். நானும் அவரை அண்ணாச்சி என்றேன். பிறந்த மாதத்தைக் கேட்டால் யாராவது ஒருவர் மூத்தவராகிவிடும் ஆபத்து இருந்ததால் இருவருமே கேட்கவில்லை.

கூட அவர் மனைவியும் வந்திருந்தார். பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமைப்பவர். தினம் நூற்றைம்பது பிள்ளைகளை வரிசையில் உட்காரவைத்துப் பழகிய கண்கள். என்னைப் பார்த்ததும் நானும் நேராக உட்கார்ந்துகொண்டேன். அவர் வந்த காரியம் வேறு.

"போன மாசம் மூக்குல ரத்தத்தோட வந்தாக, பிள்ள" என்று என் மனைவியின் அக்கா மகளிடம் சொன்னார். "ஜலதோசத்தோட எறங்குனேன், அதான்னு சொல்லுதாக. நான் நம்பல. கீழ ஒரு சங்கு கண்ணுல பட்டுட்டா இவுகளுக்கு மூச்சு இருக்கா இல்லையான்னு ஞாபகம் இருக்காது. கடைசிச் சொட்டு வரைக்கும் நின்னுட்டுத்தான் வருவாக. என்னைக்காவது ஒருநா அந்தச் சொட்டும் இருக்காது. அதனால ஒரு முடிவு பண்ணியாச்சு. உன் மெஷின் சொல்லட்டும். கடலுக்குப் போகாத ஆளுக்கும் இவுகளுக்கும் பெருசா வித்தியாசம் இல்லன்னு வந்துட்டா, அன்னைக்கோட சரி. இனி கடல்ல எறங்கக் கூடாது."

"சரின்னுட்டேன் அண்ணாச்சி" என்றார் அவர் என்னிடம், சிரித்துக்கொண்டே. சிரிப்பதற்கு முன் என் இடுப்பை ஒருமுறை பார்த்தார். பயப்படுவதற்கு அதில் ஒன்றும் இல்லை என்று தீர்மானித்தது முகத்திலேயே தெரிந்தது.

அந்தப் பார்வைதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

சோதனைக்கு மூன்று வாரம் இருந்தது. ஜோடி என்பவன் எந்தப் பயிற்சியும் செய்யக் கூடாது என்று அவள் கொடுத்த தாளில் அச்சடித்திருந்தது. நான் படித்தேன், கையெழுத்தும் போட்டேன். அதன்பிறகு தினமும் காலையில் குளியலறை வாளியில் முகத்தை முக்கிப் பயிற்சி செய்தேன். ஐந்தாம் நாள் மனைவி கதவைத் தட்டினாள்.

"உள்ள என்ன சத்தமே இல்ல? இருக்கியளா?"

வாளிக்குள்ளிருந்து பதில் சொல்வது கடினம். சொல்லிப் பார்த்தேன். கதவை உடைக்க எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிடப் போய்விட்டாள்.

சோதனை நாளன்று ஆய்வுக்கூடத்தில் எங்களுக்கு முன்பே சிலர் காத்திருந்தார்கள்: தட்டு நிறைய முத்துச் சிப்பிகள். ஒவ்வொரு சிப்பியின் முதுகிலும் ஒரு வயர் ஒட்டியிருந்தது. அவற்றின் இதயத் துடிப்பு திரையில் ஓடியது. வெளியூர்க்காரர்கள் வந்தால் முத்து எங்கே கிடைக்கும் என்று கேட்பார்கள், நகைக்கடையில் என்பேன். சிப்பியை நேருக்கு நேர் பார்ப்பது எனக்கும் அதுதான் முதல் தடவை. ஓடுகளை மூடிக்கொண்டதும் அது தன் இதயத்தைத் தானே மெதுவாக்கிக்கொள்ளும், காற்று குறைவாகச் செலவாகும் என்று என் மனைவியின் அக்கா மகள் விளக்கினாள். நன்றாகத் தண்ணீரில் பழகிய மனிதர்களும் அப்படியே செய்வார்களாம். எலிக்கும் யானைக்கும் வாழ்நாளில் கிடைக்கிற துடிப்பு ஏறக்குறைய ஒரே எண்ணிக்கைதான், எலி அவசரப்பட்டுச் செலவழித்துவிடுகிறது என்று எங்கோ படித்ததை நான் எடுத்துவிட்டேன். அவள் என் கணக்கை ரசிக்காமல் நெஞ்சில் பட்டையைக் கட்டினாள்.

நெஞ்சு அசைவதைக் குறிக்க ஒரு பட்டை, விரலில் ஒரு கிளிப், முன்னால் ஐஸ் போட்டுக் குளிரவைத்த பேசின். மூச்சை இழுத்து, முகத்தைத் தண்ணீரில் வைத்து, முடிகிற வரை இருக்க வேண்டும்.

முதலில் அவர். நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டார். நாலைந்து முறை நிதானமாக மூச்சு விட்டார். ஏதோ தலையணையில் முகம் புதைப்பதுபோல் பேசினுக்குள் போனார். ஒரு நிமிஷமும் பத்து விநாடியும் கழித்து, தூங்கி எழுந்தவர்போல் தலையைத் தூக்கினார்.

அடுத்தது நான். முதல் அரை நிமிஷம் நன்றாகத்தான் போயிற்று. அதற்குப்பின் என் உடம்பு தன்னிச்சையாக வெளிநடப்புச் செய்யப் பார்த்தது. வயிறு உதறியது. தொண்டை கதவை இடித்தது. காதுக்குள் சரக்கு ரயில் ஓடியது. நான் அந்தப் பார்வையை நினைத்துக்கொண்டு பேசினின் விளிம்பைப் பிடித்துத் தொங்கினேன். தலையைத் தூக்கியபோது மூக்கிலும் வாயிலும் தண்ணீர். பக்கத்துத் தட்டில் இரண்டு சிப்பிகள் ஓடுகளை மூடிக்கொண்டதாகப் பிறகு சொன்னார்கள்.

"ஒரு நிமிஷம் பதினாறு விநாடி" என்று வாசித்தாள் அவள். நம்பாமல் இன்னொருமுறை வாசித்தாள்.

ஆறு விநாடி. சங்கு குளிக்கிறவரை ஆறு விநாடியில் ஜெயித்திருந்தேன்! துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடக்கமாக இருக்க முயன்றேன். அவர் மனைவி மட்டும் தன் கணவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்தியளா? ஃபேன் காத்துல உக்காந்து காயிதம் பாக்குத அண்ணாச்சி உங்கள விடக் கூட நிக்காரு. சரி, எந்திரிங்க. பேச்சு பேச்சுதான்."

அந்த வாரம் முழுக்க நான் அலுவலகத்தில் ஆறு விநாடியைப் பற்றியே பேசினேன். டீக்கடையில் பேசினேன். வங்கியில் வரிசையில் நின்ற முன்பின் தெரியாத ஒருவரிடமும் பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதுக்கு என்ன மருந்து எடுக்குதிய?" என்றார்.

சனிக்கிழமை காலை என் ஜோடியை மார்க்கெட்டில் பார்த்தேன். ஒரு கையில் கீரைக்கட்டு, மறுகையில் மண்ணெண்ணெய்க் கேன். அந்தத் தோள்களை அந்த வேலையில் பார்க்க, லாரியைக் கொண்டு வீடு வீடாகப் பால் ஊற்றுவதுபோல் இருந்தது.

"தொழிலுக்குப் போகலயா அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் பதில் நான்தான் என்பது ஞாபகம் வந்தது.

"வீட்டுல சும்மா இருக்க விட மாட்டேங்காவ. நேத்து உளுந்து பொடச்சேன்." கேனைக் கீழே வைத்தார். "ஒம்ம மேல வருத்தம் இல்ல அண்ணாச்சி. நீரு நல்லாத்தான் நின்னீரு. என் மூச்சுதான் எங்க போச்சுன்னு தெரியல. கடலுக்குள்ள இருக்கும்போது இருக்கு. வெளிய வந்து கேட்டா இல்லங்கு."

வீட்டுக்குப் போய் அந்தக் கீரைக்கட்டை நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மதியம் சோறு இறங்கவில்லை. சாயங்காலம் என் மனைவியின் அக்கா மகளுக்குப் போன் செய்து, வாளி விஷயத்தை ஒப்புக்கொண்டேன். என்னைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடு, அந்த அம்மாவிடம் நான் ஏமாற்றினேன் என்று சொல்லிவிடு என்றேன்.

"நீக்கத்தான் போறேன்" என்றாள். அதில் அவளுக்கு இருந்த உற்சாகம் கொஞ்சம் அதிகம்தான். "ஆனா அது மட்டும் இல்ல சித்தப்பா. நானே உங்களைக் கூப்பிடணும்னு இருந்தேன். அவரோட கிராஃப் என்னவோ சரியில்ல. திங்கக்கிழமை வாங்க. அவங்க ரெண்டு பேரையும் வரச் சொல்றேன்."

திங்கட்கிழமை திரையில் இரண்டு கோடுகள் இருந்தன, எங்கள் நெஞ்சுப் பட்டைகள் வரைந்தவை. என்னுடையது கொஞ்ச தூரம் ஒழுங்காக வந்து, பிறகு கொதிக்கிற சாம்பார்போல் குதித்துக்கொண்டே போயிற்று. ஒவ்வொரு குதியும் மூச்சு கேட்டு உடம்பு உதைத்த உதை. முடிவுக்கு வரும்போது உதைகளை எண்ண முடியவில்லை. அவருடைய கோடு தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல் நேராகக் கிடந்தது.

"ஒரு தடவைகூட உடம்பு மூச்சு கேக்கல. இதயமும் சிப்பி மாதிரி மெதுவாத்தான் ஓடுது" என்றாள் அவள். அவர் பக்கம் திரும்பினாள். "அப்ப ஏன் தலையத் தூக்குனீங்க?"

"பாதி ஆயிட்டுல்லா?"

"எது பாதி?"

"மூச்சு, தாயி. பாதி ஆனதும் திரும்பிரணும்லா? மேல வாரதுக்கு மீதி வேணும்."

நான் ஓரத்தில் இருந்த பேசினை எட்டிப் பார்த்தேன்.

"அண்ணாச்சி" என்றேன், "அது பேசினு. மேலன்னா நாலு விரக்கடைதான்."

"எனக்குத் தெரியாதா வே? ஆனா தண்ணி தண்ணிதான?" அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "முகம் நனைஞ்சா உள்ள ஒருத்தன் கணக்குப் பாக்க ஆரம்பிச்சிருதான். பாதியில வந்து தட்டுவான். அவன்கிட்டப் போயி இது பேசின்னு சொல்ல முடியுமா?"

என் மனைவியின் அக்கா மகள் நாற்காலியில் சாய்ந்தாள். ஒரே கடிகாரத்தை வைத்து இரண்டு வேறு விஷயங்களைத் தான் அளந்துவிட்டதாகச் சொன்னாள். அவர் எங்கே திரும்பினார் என்பது ஒன்று; நான் எங்கே உடைந்தேன் என்பது இன்னொன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் அது ஒப்பீடே இல்லை. உடம்பு முதல் உதை விடுகிற இடத்தைத்தான் ஒப்பிட வேண்டும் என்று சொல்லி, என் கோட்டில் அந்த இடத்துக்கு ஒரு சிவப்புப் புள்ளி வைத்தாள். மூன்று வாரம் வாளியில் கிடந்த பிறகும் அது முப்பத்து நான்காவது விநாடியில் இருந்தது. அவருடைய கோட்டில் புள்ளி வைக்க இடமே கிடைக்கவில்லை. அது வருவதற்கு முன்பே மனிதர் எழுந்து துண்டை எடுத்திருந்தார்.

"எல்லா டைவரையும் மறுபடி கூப்பிடணும்" என்று பெருமூச்சு விட்டாள். "எல்லாருமே பாதியிலதான் வந்திருப்பாங்க."

அவர் மனைவி எழுந்து முன்னால் வந்தார். நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். கண்ணாடியை எடுத்து மாட்டினார்.

"இவுக கோடு இதா, பிள்ள?"

"ஆமாம்மா."

"இந்த அண்ணாச்சிக்குத் துள்ளுத மாதிரி இதுல எங்கனயும் துள்ளல?"

"எங்கேயும் இல்லம்மா."

கோட்டின் ஆரம்பத்தில் விரலை வைத்து, கடைசிவரை மெதுவாக நகர்த்திப் பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்தார்.

"எப்பவும் பாதியிலயா வருவிய?"

"எப்பவும்."

"சங்கு கண்ணு முன்னால கெடந்தாலும்?"

"கெடக்கட்டும். அதுக்கு என்ன, ஓடவா போவுது? மேல வந்துட்டு மறுபடி போவேன்."

"இருவத்தாறு வருசமா இத ஏன் என்ட்ட சொல்லல?"

"நீ எங்க கேட்ட? கடைசிச் சொட்டு வரைக்கும் நிக்கேன்னு நீயாத்தான சொல்லிக்கிட்டு இருந்த?" என்றவர் கொஞ்சம் தயங்கி, "அதக் கேக்கவும் கொஞ்சம் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்.

அந்த அம்மா அவரை முறைத்தார். நூற்றைம்பது பிள்ளைகளும் ஒரே நேரத்தில் அடங்குகிற முறைப்பு. நான் சிப்பித் தட்டைப் பார்க்கத் திரும்பிக்கொண்டேன். கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைக்கிற சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் துடைத்தார்.

"ஜலதோசம் விட்டுட்டா?"

"அது அன்னைக்கே விட்டுட்டு."

"நாளைக்குக் காத்து எப்படி இருக்கும்?"

"வாடைக்காத்து தணிஞ்சிருக்கு. தண்ணி தெளிவாத்தான் கெடக்கும்" என்றார் அவர். அதற்குள் அவர் எழுந்து நின்றிருந்தார்.