துடைத்த விரல்

என் வீட்டுக்காரருக்குக் கடைத்தெருவில் புளுகுணி என்று பேர். சும்மா வந்த பேர் இல்லை. மீசையில் கிரீம் ஒட்டிக்கொண்டிருக்கும்போதே, "கேக்கா? நான் கண்ணால கூடப் பாக்கல" என்று முகத்துக்கு நேராகச் சொல்கிற ஆள். பழச்சாறுக் கடையில் இருபத்திரண்டு வருஷம் பழம் உரித்து நறுக்கினார். அன்னாசியை ஒரு கண்கூட விடாமல் சீவுவதை முதலாளியே நின்று வேடிக்கை பார்ப்பார். வேலையில் சுத்தம், வாயில்தான் வில்லங்கம். சர்க்கரை வந்த பிறகு, மாத்திரை போட்டாச்சு என்பார். மாத்திரை சட்டைப் பையில் கிடக்கும்.

இன்சுலின் ஊசிக்கு மாறியபோது டாக்டர் ஒரு தாள் எழுதிக் கொடுத்தார். மதியச் சாப்பாட்டுக்கு முன் சோதித்து, சர்க்கரை இவ்வளவு இருந்தால் இத்தனை யூனிட் போட வேண்டும். இந்த மனுஷனை நம்பி அதை விட முடியுமா? சோதிக்கிற மெஷினை என் கைப்பையிலேயே வைத்துக்கொண்டேன். அடுத்த தெருவில் தையல் கம்பெனியில் எனக்கு வேலை. மதிய இடைவேளையில் ஓடி வந்து விரலில் குத்திப் பார்ப்பேன், ஊசி போடுவேன், திரும்ப ஓடுவேன்.

அன்றைக்குக் கடைக்குப் பெரிய ஆர்டர். காலையிலிருந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். நான் போனபோது முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"கை நடுங்குதும்மா. சுகர் கொறைஞ்சிருக்கும்போல. ஒரு டம்ளர் ஜூஸ் குடிச்சுக்கிறேனே."

"ஜூஸ் குடிக்க இது ஒரு சாக்கு. கைய நீட்டுங்க."

கைக்குட்டையால் விரலைத் துடைத்துக் குத்தினேன். முன்னூற்று எண்பத்தாறு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இதுதான் கொறைஞ்ச லட்சணமா? என்னத்தத் தின்னீங்க?"

"உன்மேல சத்தியமா ஒண்ணும் தின்னல. காலையிலகூடப் பாதிதான் சாப்பிட்டேன்."

"மெஷினுக்கு உங்க மேல என்ன பகையா, பொய் சொல்ல?"

சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினார். ஒவ்வொரு நாளும் ஊசிக்கு மல்லுக்கு நிற்கிறவர், அன்றைக்கு எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. தாளில் இருந்தபடி பதினாலு யூனிட் போட்டேன். இறங்கட்டும், அப்புறம் சாப்பிடலாம் என்று பின்னறையில் பழக்கூடைகளுக்கு நடுவே படுக்க வைத்தேன். போகிற போக்கில் முதலாளியிடம், கேட்டாலும் ஜூஸ் கொடுக்காதீர்கள் என்று வேறு சொல்லிவிட்டுப் போனேன்.

நாலு மணிக்குக் கடையிலிருந்து என்னைக் கூப்பிட ஆள் வந்தது. அயர்ந்து தூங்குகிறார் என்று முதலாளி நினைத்தாராம். ஆஸ்பத்திரியில் சோதித்தபோது இருபத்தெட்டுதான் இருந்தது.

"மதியம் முன்னூத்தி எம்பத்தாறு இருந்துச்சே. மெஷின் கெட்டுப்போச்சா?" என்று நர்ஸிடம் கேட்டேன்.

அவள் அவர் கையைத் தூக்கிப் பார்த்தாள். நகக்கண்ணெல்லாம் மஞ்சளாக இருந்தது.

"என்ன வேலை பாக்குறாரு?"

சொன்னேன்.

"சோப்புப் போட்டுக் கழுவிட்டுக் குத்தினீங்களா?"

"துடைச்சேன்."

"துடைச்சாப் போகாதும்மா. பழத்துச் சர்க்கரை விரல்லயே ஒட்டியிருக்கும். ரத்தத்தோட அதையும் சேத்துதான் மெஷின் காட்டும்."

மெதுவாகத்தான் சொன்னாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அவர் கண் திறக்கவே இல்லை. ஐந்தாம் நாள் போய்விட்டார்.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே பாட்டுதான் பாடினார்கள். வாயைக் கட்டியிருந்தால் பிழைத்திருப்பார், திருட்டுத்தனமாக என்னத்தைத் தின்றாரோ என்றார்கள். நான் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். நர்ஸ் சொன்னதை ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. பாவி எனக்கு அது வசதியாக இருந்தது.

பத்து நாள் கழித்து மகள் அவருடைய சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். அப்பா என்றால் அவளுக்கு உயிர்.

"கடைசி வரைக்கும் நம்மள ஏமாத்திட்டாரும்மா. இனிமே அவருக்காக அழக்கூடக் கூடாது," என்றாள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"உங்கப்பா ஒண்ணும் தின்னலடி. சுகர் கொறைஞ்சிருக்குன்னு அவரே சொன்னாரு. நான்தான் நம்பல. கையக் கழுவாமக் குத்திப் பாத்து, ஊசி போட்டது நான்."

மடித்த சட்டையை அவள் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"வேற என்ன சொன்னாரு?"

"ஒரு டம்ளர் ஜூஸ் கேட்டாரு," என்றேன்.