பச்சை எரியாத வெந்நீர் மெஷின்

சரியாகச் செய்த வேலைக்காக என்மேல் புகார் போனது ஒரே ஒரு முறைதான். அந்த வயிற்றெரிச்சல் இன்னும் ஆறவில்லை. புகார் சொன்னவள் லாசா போகும் பாதையில் இருக்கும் எங்கள் கோல்முத் ரயில் நிலையத்தைப் பெருக்கித் துடைக்கும் லான்யிங்.

எங்கள் ஊர் உயரமான மேட்டுநிலம். இங்கே தண்ணீர் தொண்ணூறு டிகிரியிலேயே தளதளவென்று கொதித்துவிடும், அதற்கு மேல் சூடு ஏறாது. சமவெளியில் செய்து அனுப்பும் வெந்நீர் மெஷினோ தொண்ணூற்றாறு வந்தால்தான் பச்சை விளக்குப் போடும். அதனால் பயணிகள் அறை மெஷினில் எந்நேரமும் சிவப்புதான். லாசா போகிறவர்கள் நூடுல்ஸ் டப்பாவையும் ஃபிளாஸ்கையும் ஏந்திக்கொண்டு அதன் முன் நிற்பார்கள். லான்யிங் துடைப்பத்தோடு வருவாள்.

"நிக்காதீங்கம்மா, அது பச்சையே ஆகாது. கொதிச்சிடுச்சு, பிடிங்க. எந்த ஊரு நீங்க?"

அவள் ஊர் தூரத்துச் சமவெளியில் இருக்கும் ஹெனான். தண்டவாளம் போட வந்த புருஷன் இங்கேயே செத்துப் போனான். மகன் சொந்த ஊரோடு இருந்துவிட்டான். அறைக்குத் திரும்பினால் சுவர்தான் துணை.

நிலையத்து மெஷின்களைப் பழுதுபார்ப்பவன் நான். வேலை தெரிந்தவன் சும்மா இருப்பானா? ஒருநாள் பச்சை எரியும் அளவை எண்பத்தெட்டுக்கு இறக்கி வைத்தேன். பளிச்சென்று பச்சை எரிந்தது. அடுத்த வாரமே நிலைய அதிகாரி கூப்பிட்டார்.

"நல்லா இருந்த மெஷினைக் கெடுத்துட்டியாமே, லான்யிங் சொல்றா."

நேரே அவளிடம் போனேன். "ஏன்க்கா என் பொழப்புல மண்ணை அள்ளிப் போடுறீங்க?"

அவள் துடைப்பத்தைப் பிழிந்துகொண்டே சொன்னாள்: "பச்சை எரிஞ்சதுலேருந்து யாரும் நிக்கறதில்ல தம்பி. பிடிச்சுட்டுப் போயிடறாங்க. என்கிட்ட எதைக் கேப்பாங்க? பழையபடி வை."

"பேச்சுக்கு ஆள் வேணும்னா கிளி வளங்க."

"ஹெனான் கிளி கிடைக்குமா?"

திட்டிக்கொண்டேதான் திருப்பி வைத்தேன். அதன்பின் இத்தனை வருஷம், மெஷின் பார்க்கத் தெரியாத முட்டாள் என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் ஏச்சு வாங்கினேன். எனக்காக அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

போன குளிர்காலத்தில் அவள் வேலை முடிந்தது. பேரனைப் பார்த்துக்கொள்ள மகன் கூப்பிட்டிருந்தான். மூட்டையை ரயிலில் ஏற்றிக் கொடுத்தேன்.

"மகன் வீட்லயும் வெந்நீர் மெஷின் இருக்காம்" என்றாள். "விரலை வச்ச உடனே கொட்டுமாம். நிக்கவே வேணாமாம்."

அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை. மணி அடித்தது. கதவருகில் நின்றபடி என்னைக் கூப்பிட்டாள்.

"தம்பி, நான் போனதும் அந்தப் பச்சையைப் போட்டுடு. இனிமே சொல்றதுக்கு ஆளில்ல. பாவம், ஜனங்க நின்னுக்கிட்டே கெடப்பாங்க."