சும்மா சளிதான்

அக்கா தந்த கிட்னியை உடம்பு தள்ளிவிடாதிருக்க, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிட்டு வந்தேன். பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டுக்கு நலம் விசாரிக்க வந்தவர்களை வாசலோடு அனுப்ப முடியுமா? கிள்ளானிலிருந்து ஆப்பிளோடு வந்த சித்தப்பா இருமினார். "சும்மா சளிதான் லா," என்றார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

அது இன்ஃபுளுவென்சா. எனக்கு நுரையீரலில் இறங்கிவிட்டது. வைரஸுக்கு அப்போது இருந்த மருந்து கேட்கவில்லை. கிட்னிக்கான மாத்திரையை நிறுத்தினால் பிழைக்கலாம், ஆனால் கிட்னி போய்விடும் என்றார் டாக்டர்.

"டாஸ் போடுவோமா டாக்டர்?" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

அக்காதான் சொன்னாள்: "போனா போவட்டும்டா. நீ இருக்கணும்னுதானே குடுத்தேன்."

நான் பிழைத்தேன். கிட்னி போனது. டயாலிசிஸில் அக்கா பக்கத்தில் உட்காரும்போது, சேலை விலகித் தெரியும் அந்தத் தழும்பைப் பார்க்காமலிருக்க ஏதாவது ஜோக் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.